படத்துக்கு உயிர் தரும் கார்டு

ஹட்டன்,
14.06.2003

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

அழகன் எழுதுவது. இங்கே நானும் கடையும் சுகம். அங்கே நீங்கள், அத்தை, உங்கள் சர்க்கரை எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கும் என நம்புகிறேன். மரியாதை முடிந்தது. கொழும்பிலிருந்து புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்தி நீங்கள் அனுப்பிய கம்பியூட்டரைத் திங்கட்கிழமை ரயிலில் திருப்பி அனுப்புகிறேன். அந்தக் கார்டு பழுது.

முதல் பிழை உங்களுடையது. அறிமுக விழா பேனரில் “படத்துக்கு உயிர் தரும் கார்டு” என்று அச்சடித்தீர்கள். கொழும்பில் படம் என்றால் கேம், சினிமா. இங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் படம் என்றால் சுவரில் மாலை போட்டுத் தொங்குவது. போன ஞாயிறு கடை திறந்தால் வாசலில் நாற்பது பேர், ஆளுக்கொரு செத்தவர் படம், கண்ணாடிச் சட்டத்தோடு! மெமரி முப்பத்திரண்டு எம்பி என்று விளக்கினேன். “அப்ப முப்பத்திரண்டு பேருதான் ஏறுமா தம்பி?” என்கிறார் மாயாண்டி. மாமியார் படத்தைச் சட்டென்று திருப்பிப் பிடித்து, “இது வேணாங்க, சும்மா கொண்டாந்தேன்” என்றார் இன்னொருவர்.

கடைசியில் ராசம்மா வெறுங்கையோடு வந்தாங்க. “எங்க ஆளுக்குப் படமே எடுக்கலீங்க. பேரு சொன்னா வருவாரா?” புருஷன் கந்தப்பன் பூண்டுலோயாப் பக்கம் மண்சரிவுல போனவராம். மறுநாள் காலையில் பேர் கூப்பிடுற பெரட்டுல, விஷயம் தெரியாத தோட்டத்துக் கண்டாக்கு அவர் நம்பரையும் பேரையும் கூப்பிட்டிருக்கார். பதில் இல்லை. பதினோரு வருஷமா இந்தம்மா அந்தப் பதிலுக்குக் காதைக் குடுத்துக்கிட்டு நிக்குது. நான் என்ன செய்ய? கார்டைக் காட்ட நீங்க அனுப்பின டெமோ சிடியைப் போட்டேன். பனி மூடின மலையில ஒரு ஆள் மூட்டையோட முதுகைக் காட்டி நடந்துக்கிட்டே இருப்பான், அவ்வளவுதான் அந்த சிடி. செஞ்சவன் அவனுக்கு முகமே வரையல. இந்தம்மா கண்டாக்கு மாதிரியே நிமிர்ந்து நின்னு, “நூத்திப் பதினேழு, கந்தப்பன்!” அந்த ஆள் நின்னான். திரும்பினான். முகம் இருந்துச்சு மாமா. கையைத் தூக்கி வாயை அசைச்சான். “இருக்கேங்க”, அந்த அசைவுதான். நான் ஸ்பீக்கர் மாட்டல. ராசம்மா திரையில காதை வச்சு, “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, எப்பவும் உங்களுக்கு வாய்க்குள்ளதான்” என்று ஏசினாங்க.

இது டிரைவர் கோளாறு. ரெண்டு தரம் நிறுத்திப் போட்டும் தீரவில்லை. தினம் காலையில் ராசம்மா வந்து கூப்பிடுறாங்க, அவர் கையைத் தூக்குறார், அந்தம்மாவுக்குப் பின்னால மத்தவங்க படத்தோட வரிசையா நிக்கிறாங்க. மொனிட்டர் கண்ணாடியில் பனி. துடைத்தால் போகவில்லை, உள்பக்கம். ஒரு கார்டுக்குக்கூட ஓடர் இல்லை. நான் டிப்ளோமா படிச்சது பெரட்டு நடத்த இல்லை.

அத்தைக்கு வணக்கம். ஆண்டவன் உங்களுக்கு ஆயுளையும், கம்பெனிக்காரன் அந்தக் கார்டுக்கு வாரன்டியையும் நீட்டித் தரட்டும்.

உங்கள் மருமகன்,
அழகன்

பி.கு.: கார்டைக் கழற்ற இப்பதான் கம்பியூட்டர் மூடியைத் திறந்தேன். கார்டு இருக்க வேண்டிய இடம் காலி. டேப் ஒட்டி உங்க கையெழுத்துல துண்டு: “அழகா, கார்டு கப்பல்ல லேட். அடுத்த கிழமை அனுப்புறேன். அதுவரைக்கும் பேனரை மட்டும் கட்டு.” அந்தக் கார்டு இல்லாம அந்த சிடி திறக்கவே திறக்காது மாமா. மூடியைத் திரும்பப் பூட்டிட்டேன். கம்பியூட்டர் வராது. கார்டும் வேணாம். நாளைக்கும் ராசம்மா வருவாங்க. ஒரு ஜோடி ஸ்பீக்கர் அனுப்புங்க. நல்லதா.