தாங்கள் உறங்கும் படத்துக்குக் கையெழுத்து வேண்டி

பெருமதிப்புக்குரிய அண்ணன் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே கடையும் வீடும் தாங்கள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு தங்கள் முழங்கால் எந்த மட்டுக்கு மடங்குகிறது, மகன் வீட்டில் மாடிப்படி ஏற விடுகிறார்களா, அண்ணியின் இரத்த அழுத்தம் யார் பேச்சையாவது கேட்கிறதா என்பதையெல்லாம் விவரமாக எழுதவும். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம். ஆனால் நான் சொல்லப்போகும் விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் தாங்கள் முதல் வரியிலேயே வைத்துவிடுவீர்கள். கடிதத்தைக் கீழே வைத்தால் மறுபடி எடுத்துப் படிக்கலாம். மேலும் இந்த உறைக்குள் இன்னொரு தாளும் இருக்கிறது. அதில் தங்கள் கையெழுத்து வேண்டும். தயவுசெய்து அந்தத் தாளை முதலில் படிக்க வேண்டாம். படித்துவிட்டீர்கள் என்றால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

தாங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று ரயில் பெட்டியின் ஜன்னல் வழியாகச் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. “வாலுவை அக்கவுண்ட்ஸ் படிப்புல சேத்துவிடு. கடைக்கு ஆகும். படம் கிடம்னு ஆரம்பிச்சா முடியாதுன்னு கண்டிச்சுச் சொல்லு. நீ சொல்ல மாட்டே. இருந்தாலும் சொல்லு.” நான் சொன்னேன் அண்ணா, சத்தியமாகச் சொன்னேன். நம் வீட்டு வாலு, அதாவது நான் பெற்ற மகராசி, சாப்பிட்டுக்கொண்டே “அப்பா, டிசைன் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டுட்டேன்” என்றாள். முடியாது என்றேன். “போட்டாச்சுப்பா” என்றாள். அதான் முடியாதுன்னு சொல்றேன்ல என்றேன். “நீங்க முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடியே போட்டாச்சு” என்றாள். இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். என் மனைவியோ, “கண்டிச்சாச்சுல்ல? கண்டிச்சேன்னு உங்க அண்ணனுக்கு எழுதிடுங்க, கை கழுவுங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்தக் காலேஜில் மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்களாம். பிள்ளைகள் வரைந்த படங்களையெல்லாம் ஒரு தொகுப்பாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அதற்கு போர்ட்ஃபோலியோ என்று பெயர். வாலு சூரியன் மறைவது, மயில், ரோஜாப்பூ, தூரத்து மலை என்று அழகழகாக வரைந்து வைத்திருந்தாள். காலேஜில் விசாரித்தால் ஒரு அம்மாள் போனில், “காலண்டர்ல இருக்கறதெல்லாம் எங்களுக்கு வேண்டாம்மா. நீ தினம் பாக்குற ஆளுங்களை நேர்ல பாத்து வரைஞ்சு கொண்டா” என்று சொல்லிவிட்டார். தினம் பார்க்கிற ஆட்கள் யார்? நாங்கள்தான் மாட்டினோம். முதல் பலி என் மனைவி. வெங்காயம் நறுக்கும்போது வரைந்தாள். படத்தைப் பார்த்து, “எனக்கு எத்தனை தாடைடி?” என்று கேட்டதற்கு, “இருக்கறதைத்தானேம்மா வரைஞ்சேன்” என்று பதில் வந்தது. அதன்பிறகு கொஞ்ச நாள் எங்கள் சாப்பாட்டில் உப்பு இல்லை. அடுத்தது நான். கல்லாவில் உட்கார்ந்து வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்ததில் விலாவில் பிடித்துக்கொண்டுவிட்டது. அவள் அந்த வலியைத்தான் வரைந்தாளே தவிர வயிற்றை விட்டுக்கொடுக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மெத்தையை அழுத்திப் பார்க்க வந்தவர்கள் தங்களை வரைகிறாள் என்று தெரிந்ததும் மெத்தையை விட்டுவிட்டுத் தலையைச் சீவ ஆரம்பித்தார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மெத்தை மட்டும் வாங்கவில்லை.

இனிதான் விஷயமே. அண்ணா, நின்றுகொண்டு படிக்கிறீர்களானால் உட்கார்ந்துகொள்ளுங்கள். காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஒருநாள் காலை கடையைத் திறந்தவுடன் வாலு ஒரு பெரிய சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாம் மெத்தை சுற்றும் பழுப்புத் தாள்தான். தரையில் விரித்து நாலு மூலையிலும் தலையணை வைத்தாள். அதில் தாங்கள் இருந்தீர்கள். ஆள் அளவுக்கு, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை, கரித்துண்டால் வரைந்தது. கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் பார்வைக்குப் போட்டிருக்கும் கட்டிலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறி, வாய் ஆவென்று திறந்து, தள்ளுபடி அட்டை காதோரத்தில் தொங்க, தாங்கள் அயர்ந்து தூங்குகிறீர்கள். காலேஜ் அம்மாள் சொல்வதற்கெல்லாம் முந்தி, தாங்கள் ஆபரேஷனுக்குக் கிளம்பும் முன்பே, நான் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரத்தில், மெத்தை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு வாரமாக வரைந்து ஒளித்து வைத்திருக்கிறாள். தாங்கள் பின்னால் நிற்கிறீர்களோ என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு படத்தைப் பார்த்து, “அண்ணா, எழுந்திருங்க, ஆள் வர்ற நேரம்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவ்வளவு தத்ரூபம். அந்த நிமிஷத்திலிருந்து நான் வாலு கட்சி. ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

படத்தின் நீளத்துக்கு வீட்டில் சுவர் கிடையாது என்பதால் கடையிலேயே கட்டிலுக்குப் பின்னால் மாட்டினோம். ஸ்பிரிங் கம்பெனி ஏஜென்ட் ஆர்டர் எடுக்க வந்தவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “முதலாளி அசந்துட்டாரா? சரி, அப்புறம் வரேன்” என்று செருப்புச் சத்தம் கேட்காமல் போய்விட்டார். மறுநாளும் வந்தார். “இன்னிக்குமா? வயசாச்சுல்ல, தூங்கட்டும்” என்று போய்விட்டார். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த ஆள் எப்போது வந்தாலும் நம் தலையில் எதையாவது கட்டிவிட்டுப் போகிறவர், நான் ஏன் சொல்ல வேண்டும்? அதற்கடுத்த நாள் மனசு கேட்காமல் கிட்டே வந்து, “என்ன முதலாளி, உடம்பு சரியில்லையா?” என்று தங்கள் காலைத் தொட்டிருக்கிறார். கால் கையோடு வந்துவிட்டது. அதாவது கரி. அவர் போட்ட கூச்சலில் எதிர்க் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். ஏஜென்ட் இப்போதெல்லாம் போனில்தான் ஆர்டர் எடுக்கிறார். அவர் தங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

இன்டர்வியூ அன்று பார்த்து மழை கொட்டுகிறது. படம் நனையக் கூடாதே என்று மெத்தை உறைக்குள் செருகி நம் டெலிவரி வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். தப்பு அங்கேதான் நடந்தது. உறையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, வாலு பேர் பதிய உள்ளே போக, நான் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் வாசல் செக்யூரிட்டி, மெத்தைக் கடை வேனையும் மெத்தை உறையையும் பார்த்து, ஹாஸ்டலுக்கு வந்த மெத்தை என்று முடிவு கட்டி, இரண்டு ஆட்களை விட்டுத் தூக்கி அனுப்பிவிட்டார். ஹாஸ்டல் வார்டன் அதை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். உள்ளே வாலுவின் பேரைக் கூப்பிடப்போகிறார்கள். அவள் முகம் வெளுத்து, “போச்சுப்பா, எல்லாம் போச்சு” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ, நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய் வார்டனின் தட்டுக்கு எதிரில் நின்று, “சாவியைக் கொடுங்க சார், என் அண்ணன் உள்ள மாட்டிக்கிட்டிருக்கார்” என்றேன். மனிதர் கைகூடக் கழுவவில்லை. ஸ்டோர் ரூம் வரைக்கும் எனக்கு முன்னால் ஓடினார்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். படத்தை நிறுத்த அவர்களிடம் அவ்வளவு பெரிய பலகை இல்லை. கூட வந்தவர் பிடித்துக்கொள்ளட்டும் என்றார்கள். ஆகவே நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் படத்தைப் பிடித்துக்கொண்டு தங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று காதால் மட்டும் கேட்டேன். ஒரு அம்மாள் குரல், “யாரும்மா இவர்?” என்றது. பெரியப்பா என்றாள் வாலு. “ஏன் தூங்குறப்ப வரைஞ்சே?” அதற்கு வாலு சொன்னாள்: “முழிச்சிருக்கறப்ப அவர் முகத்தைப் பாக்க முடியாது மேடம். பாத்தா, ‘என்ன முறைக்கிறே, போய்ப் படி’ம்பார். அவர் வந்தாலே நான் தாளைச் சுருட்டி ஒளிச்சுருவேன். தூங்குறப்ப மட்டும்தான் யாரையும் திட்ட மாட்டார். கடையைப் பத்தி, அப்பாவைப் பத்தி, என்னைப் பத்தி கவலைப்பட மாட்டார். அவருக்கு அப்படி ஒரு முகம் இருக்குன்னு வீட்டுல யாருக்குமே தெரியாது. எனக்குத் தெரியும். அதான் வரைஞ்சேன்.”

நான் அழுதுவிட்டேன் அண்ணா. இரண்டு கையும் மேலே இருந்ததால் துடைத்துக்கொள்ளக்கூட வழியில்லை. படம் ஆட ஆரம்பித்ததும் யாரோ ஒருவர், “அந்த ஃபேனை நிறுத்துங்கப்பா” என்றார்.

இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி ஒருவர் இருக்கத்தானே செய்கிறார். தூங்குகிற மனிதரை வரைந்திருப்பதால், தன்னை வரைந்ததில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் அந்தப் படத்தைக் கணக்கில் எடுக்க முடியாது. அந்தப் படம் இல்லையென்றால் மற்றவை போதாது. என் மனைவியின் தாடைகளை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் இடம் தர மாட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் தாள் போய்ச் சேர வேண்டும். தங்களிடம் கேட்கப் பயந்து, “என்னை வரைஞ்சுக்கோம்மா, நான் அதே கட்டில்ல தூங்குறேன்” என்று போய்ப் படுத்தும் பார்த்தேன். வாலு பார்த்த மாத்திரத்தில், “அப்பா, நடிக்கிறீங்க. நிஜமாத் தூங்குறவங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?” என்று எழுப்பிவிட்டாள்.

ஆகவே கேட்கிறேன். தாங்கள் பார்த்த பெண்ணைக் கட்டினேன், தாங்கள் காட்டிய வீட்டில் குடியிருக்கிறேன், இலவம் பஞ்சை விட்டுவிட்டு ஸ்பிரிங்குக்கு மாறு என்றீர்கள், மாறினேன். ஒருநாளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பின்வாங்கப்போவதில்லை. கடைக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஒரு ஆளைப் போட்டுக்கொள்வோம். புள்ளை டிசைன்தான் படிக்கும். மானம் போகிறது, வாய் திறந்திருக்கிறது, ஊர் சிரிக்கும் என்றெல்லாம் எழுதிக் கையெழுத்து இல்லாமல் தாளைத் திருப்பி அனுப்பினீர்களானால், படத்தைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே வந்து, தங்கள் மகன் வீட்டு வாசலுக்கு எதிரில் மாட்டிவிட்டுத்தான் மறுவேலை. தம்பியாவது இப்படிப் பேசுவதாவது என்று நினைப்பீர்கள். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

தங்கள் இரண்டு கால்களுக்கும், முக்கியமாக ஆபரேஷன் ஆன காலுக்கு, என் பணிவான வணக்கம். அண்ணிக்கு நாங்கள் எல்லோரும் விசாரித்ததாகச் சொல்லவும். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. மருந்தை வேளை தவறாமல் சாப்பிடவும், இக்கடிதத்தை மருந்துக்குப் பிறகு படிக்கவும்.

எல்லாவற்றிலும் கீழ்ப்படிகிற, இதில் மட்டும் கீழ்ப்படியாத,
தங்கள் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுத்த நேரத்தில் அண்ணி போன் செய்தார்கள். என் மனைவிக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது என்பது தங்களுக்குத் தெரியும். படம், காலேஜ், தாள், கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். மறுமுனையில் அண்ணி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். “தூங்கினாரா? யார் சொன்னது? அந்த வாரம் பூரா தாடை வலிக்குதுன்னு என்கிட்ட ஒத்தடம் வாங்கிக்கிட்டாரு. என்னன்னு கேட்டா, ‘வாலு என்னை வரையுது, வாயைத் திறந்துக்கிட்டு அசையாமக் கிடந்தேன், குறட்டை வேற விட்டேன்’னாரு. எழுந்து உக்காந்து ஒழுங்கா வரையச் சொல்றதுதானேன்னேன். ‘நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா அது தாளைச் சுருட்டிக்கிட்டு ஓடிடும்டி, வரையட்டும், நீ யார்கிட்டயும் சொல்லாதே’ன்னாரு. அவர் வேண்டாம் வேண்டாம்னு சொல்றதை நீங்க எல்லாரும் இன்னுமா நம்பிக்கிட்டிருக்கீங்க?”

அண்ணா, மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள். போன் சத்தமாகப் பேசுகிற போன், வாலு பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்குப் போய்ப் படத்துக்கு எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சிவந்து திரும்பி வந்தாள். அந்தத் தாளில் “நான் உறங்கிக்கொண்டிருந்தபோது” என்று அச்சடித்திருக்கிறதாம், அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறாள். காலேஜ் அம்மாளிடம் உண்மையைத் தானே சொல்லிக்கொள்வாளாம். அடுத்த மாதம் தாங்கள் வந்ததும் மறுபடி வரைவாளாம். “பெரியப்பாவை இந்தத் தடவை கண்ணைத் திறந்துக்கிட்டே படுத்துக்கச் சொல்லுங்கப்பா, நான் ஒளிக்க மாட்டேன்” என்கிறாள். வாயை மூடிக்கொள்ளலாம் என்றும் எழுதச் சொன்னாள்.