ஜீப்பை அனுப்பியது யார்?

மேகமலை,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அருண் ஜோசப் அவர்களுக்கு மச்சான் பீட்டர்ராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மழை, அட்டை, நான் மூவரும் நலம். அங்கே தாங்களும் தங்கை சகாயராணியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

மேனேஜர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கல்லூரியில் பாடம் நடத்த என் அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். நேற்று நடந்ததையே எழுதுகிறேன். காலையில் தொழிலாளர் லயத்து ஹேமாவதிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று அவள் மாமியார் கஸ்தூரியம்மாள் அழுதுகொண்டே ஆபீசுக்கு ஓடி வந்தாள். எஸ்டேட்டில் இருப்பது ஒரே ஜீப்; அதை முதலாளியின் மதுரை விருந்தாளிகள் அணை பார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருந்தோம். அனுப்பு என்று மனம் சொல்கிறது, முதலாளியைக் கேள் என்று பயம் சொல்கிறது, சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடினேன், வழுக்கி விழுந்தேன், ஒரு செருப்பு ஓடையோடு போனது. முதலாளி சொன்னார்: "நீங்கதான மேனேஜர்? நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா எங்கிட்டக் கேக்காம வண்டியைத் தொடாதீக." லைன் அறுந்துவிட்டது.

உதவி மேனேஜர் சசிதரன் இடுக்கிக்காரர். "சாரே, ஒரு மீட்டிங் போட்டுத் தீருமானிக்கலாம்" என்றார். உட்கார்ந்தோம். வழியில் பிரசவமானால் யார் பொறுப்பு என்று கிளார்க் கேட்டார், விருந்தாளிகள் கோபித்தால் யார் பொறுப்பு என்று சசிதரன் கேட்டார், டீ வந்தது, டீயில் சர்க்கரை இல்லை, அதற்கு யார் பொறுப்பு என்று நான் கேட்டேன். வெளியே அழுகைச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது அப்போதுதான் உறைத்தது. "போதும்யா!" என்று எழுந்து ஓடி, "ஜீப்பை எடுங்க! ஹேமாவதியை ஏத்துங்க!" என்று கத்தினேன். ஜீப் இல்லை. ஹேமாவதியும் இல்லை. கொழுந்து பறிக்கும் சண்முகத்தாய்தான் நின்றாள்.

"வண்டி அப்பவே போயிருச்சே சார். நீங்கதான் உடனே போகச் சொன்னீகன்னு டிரைவர் சொன்னாக. நல்லாருப்பீக!"

சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் பிரசவம், தாயும் பிள்ளையும் நலம். எஸ்டேட்டே என்னைக் கும்பிடுகிறது. டிரைவர் ஒச்சாண்டியைத் தனியே பிடித்து, "ஏம்ப்பா, நான் எப்பச் சொன்னேன்?" என்றேன்.

"எப்படியும் சொல்லத்தான சார் போறீக? ரோடு மோசம், அதான் முந்திக் கெளம்பிட்டேன்."

ஆகவே மேனேஜர் முடிவெடுப்பதில்லை, அந்த நேரத்தில் அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்று உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். எனக்கு இந்த உத்தியோகம் ஒத்துவராது மாப்பிள்ளை. முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, கோம்பைக்குப் போய் அந்த ஊர் வேட்டை நாய்க்குட்டி வளர்ப்பதென்று உறுதியாகத் தீர்மானித்துவிட்டேன்.

மாதா உங்கள் இருவரையும் குண்டு குழியில்லாத வழியில் நடத்துவாளாக.

அன்புள்ள மச்சான்,
பீட்டர்ராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போதே முதலாளி வந்து இறங்கினார். விருந்தாளிகள் புகார் சொல்லியிருக்கிறார்கள். "எவன்யா வண்டியை எடுத்தது? டிரைவரா எடுத்திருந்தா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார். "நாந்தான் சார் அனுப்புனேன்" என்றேன். யாரையும் கேட்கவில்லை, மீட்டிங் போடவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன பிள்ளை?" என்றார். பெண் பிள்ளை என்றேன். மேலே எழுதியதில் கிழமையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள்.