முள் வெட்டிப் போட்ட தாய்மாமன்

ஒன்பது மாதக் கர்ப்பிணியான என் அக்காவை, பனி கொட்டும் காலையில் நடுரோட்டில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். அதைக்கூட என் குடும்பம் மன்னித்துவிட்டது. வண்டி என்று இருந்தால் நிற்கத்தான் செய்யும். ஆனால் வண்டி நின்ற பிறகு நான் எடுத்த பாதுகாப்பு நடவடிக்கைகள் இருக்கின்றனவே, அவற்றை ஏழு வருடம் ஆகியும் ஒருவரும் மன்னிக்கத் தயாராக இல்லை.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பாள் அக்கா.) திருப்பூரில் பனியன் மடித்தேன். கோழிக்கோட்டில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். இறால் பண்ணையில் காவல் இருந்தேன். எங்கும் நிலைக்கவில்லை. அதிக நாள் தாக்குப்பிடித்தது போர்வெல் லாரியில்தான். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று மூன்று வருடம் லாரியில் சமைத்து, லாரிக்கு அடியில் தூங்கினேன். கஷ்டமான வேலைதான். ஆனால் அங்கே ஒரு கல்வி கிடைத்தது. ரோட்டில் வண்டி நின்றுவிட்டால் முதல் வேலை, ஓடிப்போய் ஏதாவது மரத்தில் ஒரு கொப்பை ஒடித்து வந்து வண்டிக்குப் பின்னால் போடுவது. பின்னால் வருகிறவன் ரோட்டில் இலை தழையைப் பார்த்ததும், முன்னால் ஏதோ நிற்கிறது என்று புரிந்துகொண்டு ஒதுங்கிப் போவான். மூன்று வருடத்தில் குறைந்தது நூறு கொப்பு ஒடித்திருப்பேன். ஆகவே சாலைப் பாதுகாப்பில் எனக்கு மேல் ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

அக்கா வாழ்க்கைப்பட்டது இராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்தில். எங்கள் ஊர் இராமநாதபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. தை மாதம் அங்கே வளைகாப்பு நடந்தது. வளையல் போட்டதும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது முறை. வாடகைக் கார் வைத்துக் கொடுக்கிறேன் என்று மச்சான் எவ்வளவோ சொன்னார்.

“அதெப்படி? எம் மக தாய்வீட்டு வண்டியிலதான் வருவா” என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

தாய்வீட்டில் வண்டி ஏது? சித்தப்பாவின் பழைய காரை இரவல் வாங்கினோம். ஓட்டுநர் நான். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் குடும்பத்திலேயே டிரைவிங் ஸ்கூலுக்கு ஒழுங்காகப் போய், எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் அக்காதான். அந்த லைசென்ஸைத் தொலைந்துவிடாமல் இருக்க அம்மா நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். அக்கா அதைக் கண்ணால் பார்த்தே மூன்று வருடம் ஆகியிருந்தது.

உறவினர்கள் எல்லோரும் விழா முடிந்ததும் வேனில் போய்விட்டார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, பெண்ணை அனுப்ப மாட்டேன் என்றார் அக்காவின் மாமியார். அதனால் புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் அக்கா, அம்மா, நான் என்று மூன்று பேர் மட்டும் கிளம்பினோம். வழியில் சாப்பிட என்று புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என ஐந்து தூக்குச்சட்டிகள் டிக்கியில் ஏறின. பாம்பன் பாலத்தில் வாடைக்காற்று காரைப் பிடித்து ஆட்டியது. அக்கா இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் போட்டிருந்தாள். கார் ஆடும்போதெல்லாம் பின்சீட்டில் கலகலவென்று சத்தம் கேட்டது.

“மெதுவாப் போலே” என்றாள் அக்கா.

“போர்வெல் லாரியே ஓட்டியிருக்கேன்.”

“லாரி கழுவினவன்தானலே நீ?”

மண்டபம் தாண்டியதும் பனிமூட்டம் தொடங்கியது. ஐம்பதடிக்கு அந்தப்பக்கம் வெள்ளைத்துணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. உச்சிப்புளிக்குக் கொஞ்சம் முன்னால், காருக்குள் ஏதோ ‘பட்’டென்று அறுந்தது. பானெட்டிலிருந்து ஆவி வந்தது. கார் இருமி, முனகி, தார் ரோட்டின் மேலேயே நின்றுவிட்டது.

பெல்ட் அறுந்திருந்தது. மச்சானுக்கு போன் செய்தேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர் உச்சிப்புளியில் இருக்கிறார், அவரை வரச்சொல்லிவிட்டுத் தானும் பைக்கில் வருவதாகச் சொன்னார். இனி செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டும்தான். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க எனக்கு என்றுமே தெரிந்ததில்லை.

“வண்டிய ஓரமாத் தள்ளுலே” என்றாள் அக்கா.

“ஓரம் பூரா மணலு. புதைஞ்சா யாரு தூக்குறது?”

“சரி, அந்தச் செவப்புப் பட்டன அமுக்கு. நாலு லைட்டும் விட்டு விட்டு எரியும்.”

“தேவையில்லாத பட்டனத் தொடாதேன்னு சித்தப்பா சொல்லித்தான் குடுத்தாரு.”

“அப்ப எங்களை எறக்கி விடு. நின்ன வண்டிக்குள்ள ஒக்காரக் கூடாது, ரோட்ட விட்டு தள்ளிப் போயி நிக்கணும். டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாக.”

“டிரைவிங் ஸ்கூல்ல சத்தீஸ்கருக்கா கூட்டிட்டுப் போனாக?” என்று கேட்டேன். (இந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகும்.)

அம்மா என் பக்கம் சேர்ந்தாள். “பிள்ளைத்தாச்சி பனியில நிக்கிறதாவது! கண்ணாடிய ஏத்திட்டு ஒக்காரு.” அக்காவின் சேலை முந்தானையை எடுத்து அவள் தலையில் முக்காடாகப் போட்டாள். நான் கதவுகளைச் சாத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கொப்பு ஒடிக்கக் கிளம்பினேன்.

எங்கள் சீமையில் ரோட்டோரம் கைக்கு எட்டும் மரம் என்ன மரம்? சீமைக்கருவேலம்தான். வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஸ்பானரால் அடித்து, வேட்டியைக் கையில் சுற்றி இழுத்து, நான்கு பெரிய கொப்புகளை ஒடித்தேன். உள்ளங்கை முழுக்க முள். காருக்குப் பின்னால் இருபது எட்டு வைத்து, எங்கள் பக்க ரோட்டை அடைத்துப் பரப்பினேன். தள்ளி நின்று பார்த்தேன். மிகவும் திருப்தியாக இருந்தது.

இரண்டு விஷயங்கள் எனக்குத் தோன்றவில்லை. ஒன்று, பனிக்குள் கருவேலங்கொப்பு ரோட்டின் நிறத்திலேயே இருந்தது. இரண்டு, ஆந்திராவில் நான் போட்டதெல்லாம் வேம்பும் புங்கையும். இது விரல் நீள முள். லாரி டயர் இதையெல்லாம் மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும். லாரியைத் தவிர உலகத்தில் வேறு டயரும் உண்டு என்பதை அந்த நிமிடம் நான் மறந்துபோனேன்.

முதலில் வந்தவர் பால்காரர். மொபெட்டில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு பனிக்குள்ளிருந்து முளைத்தார். ‘புஸ்.’

“எவன்டா அவன் ரோட்டுல வேலி அடைச்சவன்?”

“வண்டி நிக்கிதுண்ணே. நீங்க வந்து இடிச்சிரக் கூடாதுன்னுதான் போட்டேன்.”

“நான் போறதே இருவது. இடிச்சாலும் ஒன் காருக்கு வலிக்காதுய்யா!”

பத்து நிமிடத்தில் மச்சான் வந்தார். பால்காரரும் நானும் ஒரே நேரத்தில் கையைக் காட்டினோம். ஏதோ அவசரம் என்று நினைத்து அவர் வேகத்தைக் கூட்டினார். முன் டயர் ‘புஸ்’, பின் டயர் ‘புஸ்’. இறங்கி, இரண்டு டயரையும் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார்.

“மாப்ளே, நான் ஒன்னயக் காப்பாத்த வாரேன்யா.”

மெக்கானிக் எதிர்ப்பக்கமிருந்து வந்ததால் தப்பித்திருக்க வேண்டியவர். எங்களைத் தாண்டிப் போய், பனிக்குள் வண்டியைத் திருப்பினார். ‘புஸ்.’

“ஒங்ககிட்ட பஞ்சர் ஒட்டுற சாமான் இருக்குமில்ல?” என்று பால்காரர் ஆவலாகக் கேட்டார்.

“நான் இன்ஜின் பாக்குற ஆளு. பஞ்சருக்கு வேற ஆள்ல இருக்காரு” என்றார் மெக்கானிக். காரைத் திறந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்த பெல்ட் இந்தக் காருக்குச் சேராது என்றும் சொல்லிவிட்டார். சரியான பெல்ட் கடையில் இருக்கிறதாம். கடைக்குப் போக வண்டி இல்லையாம்.

அந்த நேரத்தில்தான் அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

“எங்கன போற?” என்று கத்தினேன்.

“கால் மரத்துப் போச்சு. பசிக்கிது. ரெண்டு உசுருக்குப் பசிக்கிது. நீ ரோட்டுக்கு வேலி போட்டு முடி, நான் அங்கன அந்தப் பனைமரத்துப் பக்கம் இருக்கேன்.”

“பனி ஆகாது அக்கா, சொன்னாக் கேளு! உள்ள போ!”

“நீ சொல்றத இவ்வளவு நேரம் கேட்டதுக்குத்தாம்லே நாலு வண்டி நிக்கிது.”

டிக்கியைத் திறந்து புளிச்சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு, ரோட்டை விட்டு இருபது எட்டு தள்ளியிருந்த பனைமரத்துக்கு நடந்தாள். திட்டிக்கொண்டே அம்மாவும் பின்னால் போனாள். சோற்று வாசனை பிடித்துப் பால்காரரும், மெக்கானிக்கும், மச்சானும் போனார்கள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பாதுகாப்பைக் கவனிக்க ஒரே ஒருத்தன் நான், மற்றவர்களுக்கு வனபோஜனம்! கோபத்தோடு முள்ளைச் சரிசெய்யப் போனேன்.

சத்தம்தான் முதலில் வந்தது. மண்டபம் பக்கமிருந்து மீன்வண்டி. வேகம் குறைகிற சத்தமே இல்லை. பனிக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சம் தெரிந்ததும் நான் பக்கத்தில் இருந்த கருவேலம் புதரில் தலைகீழாகப் பாய்ந்தேன். முள்மேல் ஏறிய வண்டியின் முன் டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போய், காரின் பின்பக்கம் மோதி, காரோடு சேர்ந்து மணலில் இறங்கி நின்றது. ரோடு முழுக்க ஐஸும் சாளை மீனும்.

புதரிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. அக்கா பனைமரத்துக்குப் போனது மண்டையில் இல்லை. ‘உள்ள போ’ என்று நான் கத்தியது மட்டும்தான் இருந்தது. காரிடம் ஓடினேன். பின்கண்ணாடி இல்லை. பின்சீட் மடங்கி முன்சீட்டோடு ஒட்டியிருந்தது. அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் உள்ளங்கை வைக்கக்கூட இடமில்லை.

“அக்கா!” என்றேன்.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

திரும்பினேன். பனைமரத்தடியில், கையில் புளிச்சோற்று உருண்டையோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். சோறு பிடித்த கையை என்னைப் பார்த்து ஆட்டியதில் வந்த சத்தம் அது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் முள் என்பதே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

மீன்வண்டி ஓட்டுநர் நெற்றியில் ஒரு கீறலோடு இறங்கி வந்தார். “முள்ளு இல்லைன்னா நான் பிரேக் புடிச்சிருப்பேன்!” என்றார்.

“முள்ளு இல்லைன்னா நீங்க இன்னும் வேகமா இடிச்சிருப்பீங்க!” என்றேன் நான்.

இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை முடியவில்லை. மச்சான் ஓட்டுநர் கட்சி. நான் மட்டும் என் கட்சி.

கொஞ்ச நேரத்தில் ரோந்து ஜீப் வந்தது. ஜீப்பை வெகு தொலைவிலேயே நிறுத்தி, விளக்கைச் சுழலவிட்டு, ஏட்டய்யா ஒருவர் நடந்து வந்தார். நசுங்கிய டிக்கியை நெம்பித் திறந்தார். மீதி நான்கு தூக்குச்சட்டிகளுக்கு அடியிலிருந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு பெட்டியை உருவினார். உள்ளே பளபளவென்று சிவப்பு முக்கோணம்.

“இது எதுக்குய்யா வச்சிருக்கீக? சட்டி சாயாம இருக்கவா?”

“ஆமாங்கய்யா” என்றாள் அம்மா, உண்மையாகவே.

பிள்ளைத்தாய்ச்சியை ஜீப்பிலேயே வீட்டில் விட்டுவிடலாம் என்று ஏட்டய்யா நல்ல மனதோடு முடிவு செய்தார். ஜீப்பைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். முள்ளை இன்னும் யாரும் அள்ளவில்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ‘புஸ்’.

ஏட்டய்யா தொப்பியைக் கழற்றினார். “ஒம் பேரு என்ன தம்பி?” என்றார். அந்தக் குரலில் என்னிடம் அதற்கு முன் யாரும் பேர் கேட்டதில்லை.

கடைசியில் அக்காவை ஏற்றிச் சென்றது அரசுப் பேருந்து. முள்ளை எல்லாம் மிதித்துக்கொண்டு, ஒன்றும் ஆகாமல் வந்து நின்றது. கண்டக்டர் முன்சீட்டைக் காலி செய்து கொடுத்தார். இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் காட்டி, வயிற்றில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். திறந்த வாயை அறுவடை முடியும் வரை மூடவில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக நகைப்பெட்டியைத் திறந்து லைசென்ஸை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தாள்.

இருபது நாளில் பெண்குழந்தை பிறந்தது. மறுவருடம் குலசாமி கோயிலில் காதுகுத்து. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காதான் கார் ஓட்டி வந்தாள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் குழந்தை என் மடியில், பின்சீட்டில். ஓட்டியது மட்டும் அக்கா. வழி நெடுக, “பிள்ளையப் பத்திரமாப் புடிச்சிக்கிட்டு சும்மா ஒக்காந்திரு, ஒன்னும் செய்யாதே” என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

கோயிலில் தாய்மாமன் முறைக்கு நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மருமகளை மடியில் வைத்துக்கொண்டேன். மேளம் நின்றது. ஆசாரி ஊசியைத் தேடித் தன் பெட்டியைக் கிண்டினார்.

“ஊசி எதுக்கு ஆசாரி?” என்றார் மச்சான், கோயிலுக்கே கேட்கும்படி. “தாய்மாமன் கையில முள்ளு இருக்குமே!”

பந்தலே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. என் வலது கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். உள்ளே ஒடிந்துபோன முள் ஒன்று கறுப்புப் புள்ளியாக அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

“ஆமா, இருக்கு” என்றாள் ஆசாரியிடம். “ஆனா அது டயர்லதான் குத்தும், காதுல குத்தாது. நீங்க ஊசிய எடுங்க.”