நம்மூர் வண்டிக்கு வழி விட்டவர்

உலக வர்த்தகத்தை ஒற்றை ஆளாக ரயில்வே கேட்டில் மறித்து நிறுத்தியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் திருவொற்றியூரில் எங்கள் தெருவில் குடியிருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘நம்மூரு நைனா’ என்றால் கறிக்கடை நாய்கூட வாலாட்டும்.

காலையில் கும்மிடிப்பூண்டி ரயில் போய் கேட் திறந்ததும், சைக்கிளைக் குறுக்கே சாய்த்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்து நிற்பார்.

“நம்மூரு கம்பெனி வண்டி மொதல்ல வா! வெளிநாட்டு வண்டி அப்டியே நில்லு!”

ஹாரன்கள் அலறும். ஒருநாள் எண்ணினேன், நாற்பத்திரண்டு. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் பெட்டி எண்ணியவனுக்கு அந்த வியாதி லேசில் போகாது. ஆம்புலன்ஸ் வந்தால் மட்டும் சட்டம் தளரும். “வண்டி வெளிநாடு, உள்ள கீற பேஷன்ட் நம்மூரு. போ, போ!”

நைனாவுக்குக் கார் சக்கரத்தின் உள்ளே பூட்டும் பிரேக் ஷூ செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஒவ்வொரு ஷூவையும் தட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் தன் எண்ணான 17ஐக் குத்தி அனுப்புவார். அவை நம்மூர்க் கம்பெனி கார்களுக்குத்தான் போகின்றன என்று நம்பினார்.

என் மனைவியை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக, வெளிநாட்டுக் கம்பெனி கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டினேன். அன்று மாலையே நைனா வந்துவிட்டார்.

“இன்னா சார், படிச்ச ஆளு நீ!”

“அதையும் இங்கேதானே செய்கிறார்கள் நைனா? பூட்டுவது நம் பிள்ளைகள்தானே?”

“பூட்டட்டும் சார். எங்க கம்பெனில முப்பத்தெட்டு பேரு கீறோம். நீ அத்த வாங்குனா எங்க வூட்ல எப்டி அடுப்பு எரியும்?”

மூன்று மாலை வந்தார். நான்காம் நாள் நம்மூர்க் கம்பெனி காருக்கு மாற்றிக்கொண்டேன். இப்படித் தெருவில் மொத்தம் நான்கு பேரை மாற்றினார்.

இரண்டு வருடம் கழித்து என் காரின் பின்சக்கரத்தில் சத்தம் வந்தது. நைனாவும் நானும் தண்டையார்பேட்டையில் மெக்கானிக் பாஷாவிடம் போனோம். பாஷா சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த பிரேக் ஷூவில் சீன எழுத்து. நைனா குனிந்து பார்த்தார். பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கார் சக்கரமில்லாமல் நின்றது. பாஷா அதன் பிரேக் ஷூவைக் காட்டினார்.

“நைனா, இத்த பாரு. உங்க கம்பெனி சரக்கு. பதினேழுனு குத்திக் கீது.”

நைனா சட்டை நுனியால் அந்த எண்ணைத் துடைத்தார்.

“எத்தினி நாளா பாஷா?”

“மூணு நாலு வருசமா இந்த வண்டிக்குத்தான் வருது. உனுக்குத் தெரியாதா?”

மறுநாள் கேட் திறந்தது, எல்லா வண்டியும் போனது. ஹாரன் சத்தமே இல்லை. நைனாவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவற்றோடு போனார்.

சில மாதங்களில் அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஆர்டரைக் குறைத்தது. தொழிற்சாலையில் பதினோரு பேரை நிறுத்தினார்கள். நைனா அதில் இல்லை. அவராகவே முதலாளியிடம் போய், தன்னை அனுப்பிவிட்டுப் பதினோரு பேரில் ஒருவரைத் திரும்ப எடுக்கச் சொன்னார். முதலாளி எடுத்தார்.

நான் ஓடினேன். “நீங்கள் மாற்றியது நாலு கார், காருக்கு நாலு ஷூ. பதினாறு ஷூவாலா ஆர்டர் குறையும்? கணக்குப் பாருங்கள் நைனா!”

“கொறயாது சார், தெரியும். ஆனா கேட்ல நின்னு கத்துனது நான்தானே?”



இப்போது நைனா மீஞ்சூரில் மகள் வீட்டில் இருக்கிறார். என் மனைவி போன வருடம் போய்விட்டாள். காருக்கு வேலை இல்லை. ஞாயிறு தோறும் மீஞ்சூர் போய், நைனாவை முன்சீட்டில் ஏற்றி, எண்ணூர்க் கடல்வரை ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடுகிறேன்.

இறங்கும்போது, “மெதுவா போ சார்” என்பார்.

மெதுவாகத்தான் போகிறேன். அடுத்த ஞாயிறு அவரை அழைத்துப்போக நான் இருந்தாக வேண்டுமே.