வண்டைத்தான் பிடித்தேன், வண்டியை அல்ல

சங்கராபுரம்,
24-9-87

சிரஞ்சீவி மைத்துனன் இளவரசனுக்கு, மாமா தெய்வசிகாமணி எழுதும் ஆசீர்வாதம். இவ்விடம் உன் அக்காள் ராணியம்மாள் சுகம், கறவை மாடு சுகம். என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. மெட்ராஸில் நீ சுகமாகத்தான் இருப்பாய், கேமரா உன்னிடம் இல்லையே.

பூச்சிப் படம் எடுக்க மலிவாக ஒரு கேமரா சொல் என்று உன்னைக் கேட்டது என் தப்புதான். ஜப்பான் கேமரா என் மூன்று மாதச் சம்பளம் என்றாய். சின்னக் கேமரா மூன்றடிக்குள் வந்தால் மங்கிவிடும் என்றாய். கடைசியில் ரஷ்யக் கேமரா ஒன்றை செகண்ட் ஹாண்டில் பிடித்து, முன்னால் திருகுகிற க்ளோசப் கண்ணாடியும் சேர்த்து அனுப்பினாய். அதை மாட்டினால் ஒரு சாண் தூரத்தில் இருப்பது மட்டும் தெரியும், அதற்கு அப்பால் யானை நின்றாலும் புகைதான். இது நமக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகும் கரியாலூர் பஸ் ஏறினேன். இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மறியல் நடக்கும்போது பொன்வண்டு தேடிப் போகிற புத்திசாலி என்னை விட்டால் யார்? மலையடிவாரத்தில் வேலமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் நின்றது, எல்லோரும் இறங்கித் திரும்பி நடந்தார்கள், எனக்கு மட்டும் அந்த மரத்துக் கிளையில் பச்சையும் பொன்னுமாக ஒரு வண்டு கண்ணில் பட்டது. சனியன் சும்மா விடுமா? குப்புறப் படுத்துப் படம் எடுக்கையில் மறியல்காரர்கள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் தலைவர், எங்கள் ஊர்க் கந்தசாமி, "இன்னாய்யா, எங்க மூஞ்சியப் புடிச்சி போலீசுக்குக் குடுக்கப் போறியா?" என்றார். இல்லைங்க என்று கும்பிடுவதற்குள் போலீஸ் வேன் வந்தது, அவர்கள் ஓடிவிட்டார்கள், மரத்தோடு மிஞ்சியவன் நான். "இங்க இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்றார் இன்ஸ்பெக்டர். பயத்தில் நாக்கு குழறிவிட்டது மைத்துனா. "வண்டப் புடிச்சிக்கினு இருக்கேன் சார்" என்றேன். அவர் காதில் அது வண்டியைப் பிடிப்பதாக விழுந்தது. மரத்தைப் போட்டு வண்டியைப் பிடிக்கிறேன் என்று தானாக ஒப்புக்கொண்ட முதல் ஆள் நான்தானாம். பெயர், விலாசம், சர்க்கார் உத்தியோகம் எல்லாம் எழுதிக்கொண்டார். "படத்தக் கழுவி எடுத்துக்கினு வெள்ளிக்கிழம ஸ்டேஷனுக்கு வா. வண்டு இருந்தா வூட்டுக்குப் போ. அவங்க மூஞ்சி இருந்துச்சின்னா நீயும் அவங்க ஆளு" என்றார்.

வீட்டுக்கு வந்தால் கந்தசாமி சொல்லி அனுப்பியிருக்கிறார்: "எங்க மூஞ்சி இருந்துச்சின்னா நடக்கறதே வேற." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருக்கிறது, இப்போது சஸ்பெண்ட் ஆனால் என் கதி என்ன? பயமாக இருக்கிறதப்பா, சோறு இறங்கவில்லை. "பூச்சியப் பாக்க மலைக்குப் போவணுமா, நம்ம கத்திரித் தோட்டத்துல இல்லாத பூச்சியா?" என்கிறாள் உன் அக்காள். பிலிம் கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் காஜா மைதீனிடம் இருக்கிறது. கேமராவை உடனே ஆள் அனுப்பி எடுத்துப் போய்விடு. இனி அதைத் தொடமாட்டேன்.

உன் மனைவி ஜெயசுதாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள், நீங்களாவது நூறு வயது பயமில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது காஜா மைதீன் படங்களோடு வந்தார். எல்லாம் புகை. ஒன்றில் மட்டும் வண்டு, காலில் உள்ள ரோமம் வரைக்கும். அதன் கண்ணாடிபோல் மினுங்கும் முதுகில் கடுகளவு ஒரு மூஞ்சி! எனக்கு உயிரே போய்விட்டது. அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பயப்படாதீங்க, இது நீங்கதாங்க. இவ்ளோ பயந்த மூஞ்சி இந்தப் பக்கத்துல வேற யாருக்கு இருக்குது?" என்றார். நானும் பார்த்தேன், நான்தான். நாளை ஸ்டேஷனில் ஒத்துப் பார்க்க அதே மூஞ்சியோடு போவேன், அதற்கு முயற்சி எதுவும் தேவையில்லை. வண்டு முதுகில் என் பயம்கூடத் தெரிகிற கேமராவை எவனாவது திருப்பிக் கொடுப்பானா? ஆள் அனுப்பாதே. இன்னும் கிட்டே காட்டுகிற கண்ணாடி ஒன்று அனுப்பு.