சுகாதாரக் கமிட்டித் தலைவரின் ரத்த அழுத்தம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளையும் எங்கள் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத வேண்டியது மரியாதை, எழுதிவிட்டேன். உண்மையில் நான் சுகமாக இல்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் போனில் பேசுவது எதுவும் என் வீட்டுக்காரி காதில் விழாமல் போகாது. ஆகவே கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பது தாங்கள் அறிந்ததே. மாவு மில்காரரின் தம்பி நெஞ்சுவலி என்று கிளம்பி, பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஊர் கூடியது. யாராவது வந்து செய்வார்கள் என்று காத்திருந்தது போதும், நாமே ஒரு சுகாதாரக் கமிட்டி போட்டு, மூடிக் கிடக்கிற உரக் குடோனைச் சுத்தம் செய்து, ஒரு நர்ஸை வரவழைப்போம் என்று பேச்சு வந்தது. அந்தக் குடோனுக்கும் என் படுக்கையறைக்கும் ஒரே சுவர். அங்கே ஒருவர் இருமினால் என் தலையணையில் கேட்கும். இதைத் தடுக்கத்தான் கூட்டத்துக்குப் போனேன். வெளிப்படையாகச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், "ஆரம்பிக்கிறது சுலபம், பொறுப்பா ஒருத்தர் கூடவே இருந்து பார்த்துக்கணுமே, அப்படி யார் இருக்கா?" என்று கேட்டு வைத்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள். நான் தலைவராகிவிட்டேன்.

சம்பந்தி, உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். நான் ஏறினால் டிக்கெட் வாங்கியவர்கள்கூடச் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம் வந்துவிடும். இது ஊரில் யாருக்கும் தெரியாது. வந்த நர்சம்மா சின்ன வயசு, குரலை உயர்த்தவே மாட்டார். அவர் ஊரில் நாலு பெண்களைப் பொறுக்கி எடுத்து, ஜுரம் பார்க்க, பிரஷர் பார்க்க, அவசரத்தில் எதைச் செய்யணும், எதைச் செய்யக்கூடாது என்று எல்லாம் பழக்கினார். அதில் ஒருத்தி என் வீட்டுக்காரி. அவள் பழகிப் பார்க்க வீட்டில் வேறு கை ஏது? காலையில் நான் பேப்பரைப் பிரித்ததும் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றிவிடுவாள். புஸ் புஸ் என்று அமுக்குவாள். முள்ளைப் பார்ப்பாள். "ம்ம்" என்பாள். எவ்வளவு என்று கேட்டால், "சொன்னா பயப்படுவீங்க" என்பாள். சொல்லாவிட்டால் பயப்படமாட்டேனா? மறுபடி அமுக்குவாள், முன்னைவிட ஏறியிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் எனக்கும் தொண்டை கமறும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாராவது முனகினால் எனக்கும் பிசையும். ஊரில் உள்ள வியாதி எல்லாம் எனக்கு ஒரு தடவை வந்து போய்விட்டது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன மழையில் நடந்ததைச் சொல்கிறேன். குடோன் முன்கதவு உளுத்துப்போச்சு என்று ஊர்த் தச்சர் புதுக்கதவு செய்து முடித்திருந்தார். மீதிப் பலகையை அடுக்கப் போனவர் காலைப் பாம்பு பிடுங்கிவிட்டது. மத்தியானம், நல்ல மழை. நர்சம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருக்காங்க. எல்லாரும் "தலைவரைக் கூப்பிடு"ன்னு ஓடி வர்றாங்க. தலைவர் கட்டிலுக்கு அடியில செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சவர், அங்கேயே இருந்துடலாமான்னு யோசிச்சிட்டிருந்தார். வீட்டுக்காரி சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா.

மில்காரர் துண்டை முறுக்கிக் காலை இறுக்கக் கட்டப் போனார். இவ அவர் கையைத் தட்டிவிட்டா. "கட்டக்கூடாது, கீறக்கூடாது, அவரு ஒரு அடிகூட நடக்கக்கூடாது." சொல்லிக்கிட்டே காலோட ஒரு பலகையை வெச்சு அசையாம துணியால சுத்தினா. அந்தப் புதுக்கதவுலயே அவரைப் படுக்க வெச்சு டிராக்டர் டிரெய்லர்ல ஏத்தினோம். போன்ல நர்சம்மா, "தலைவர் ஐயா, நீங்க பக்கத்துல உட்காருங்க. காலை ஆடாம பிடிச்சுக்குங்க. விஷம் ஏறினா கண் இமை தொங்கும், அதைப் பார்த்துக்கிட்டே இருங்க. பயப்படாதபடி பேச்சுக் கொடுத்துட்டே வாங்க"ன்னாங்க.

என்ன பேச்சுக் கொடுக்கிறது? அவர் முகத்தைப் பார்த்தா வேர்த்துக் கொட்டுது. இவர் என் மடியிலேயே போயிட்டா அவர் பெண்டாட்டி முகத்துல எப்படி முழிப்பேன்? நான் நடுங்குறதுல அவர் கால் ஆட ஆரம்பிச்சுது. அவர்தான் பேசினார்.

"தலைவரே, மூச்சை மெதுவா விடுங்க."

"விடறேன்."

"விடலையே. பிடிச்சு வெச்சிருக்கீங்க."

வீட்டுக்காரி ரெண்டு பேருக்கும் பிரஷர் பார்த்தா. அவருக்குப் பரவாயில்லைன்னா. என்னைப் பார்த்து "ம்ம்"னா.

ஓடைத் தரைப்பாலத்து மேல தண்ணி இடுப்பளவு ஓடுது. நர்சம்மா சொல்லி வந்த ஆம்புலன்ஸ் அக்கரையில நிக்குது. நம்ம ஊர் ஆளுங்க கயிறு கட்டி ரெண்டு வரிசையா தண்ணியில இறங்கிட்டாங்க. மில்காரர், டீக்கடைக்காரர், ரெண்டு வருஷமா ஒருத்தரோட ஒருத்தர் பேசாத அண்ணன் தம்பி ரெண்டு பேர், எல்லாரும். கதவைத் தலைக்கு மேல தூக்கிக் கைமாத்திக் கைமாத்தி அனுப்பறாங்க. நான் காலை விடாம கூடவே இறங்கிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு நடு ஓடையிலதான் ஞாபகம் வந்துச்சு. தச்சர் மேல இருந்தபடியே, "கதவு நல்லா கனமா செஞ்சிருக்கேன், மன்னிச்சுக்குங்கப்பா"ன்னார். அவர் இமை கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்துச்சு. நான் யாருக்கும் சொல்லலை. காலை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

ஆஸ்பத்திரியில எங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டு, "இதுல யாரைப் பாம்பு கடிச்சுது?"ன்னு கேட்டு என் கையைப் பிடிச்சாங்க. ஊசியைப் பார்த்தேன். அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணை முழிச்சா பக்கத்துக் கட்டில்ல தச்சர். மருந்து ஏறி இமை நல்லா தூக்கியிருக்கு. "இப்ப எப்படி இருக்கு தலைவரே?"ன்னு விசாரிக்கிறார். சம்பந்தி, நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதுட்டேன்.

தச்சர் பிழைத்து வீடு வந்துவிட்டார். நான்தான் இன்னும் தேறவில்லை. இந்த நிலையில், பிள்ளை பெற யாரும் ஓடை தாண்டக்கூடாது, பிரசவ அறை ஒன்றும் சேர்த்துக் கட்டுவோம் என்று கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. எந்தப் பக்கம் என்கிறீர்கள்? என் தலைமாட்டுப் பக்கம். காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். தங்களுக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு நான் உடனே வர வேண்டும் என்று என் வீட்டுக்காரிக்கு ஒரு போன் போடுங்கள். நான் தலைவர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். என்ன வியாதி என்பது தங்கள் விருப்பம். தொற்றாததாக இருந்தால் நல்லது.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் என் ஆசிகள். தங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது நம்ம பொண்ணு போன் பண்ணினா. மூணாவது மாசமாம். உங்ககிட்ட நேர்ல சொல்ல வெட்கமாம், மாமாகிட்ட நீங்களே சொல்லுங்கப்பான்னா. அது மட்டும் இல்லை. அம்மா பக்கத்துல இருக்கணும், அந்த நர்சம்மா இருக்கணும், பிரசவத்துக்கு நான் அங்கேதான் வருவேங்கிறா. டவுன்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கேம்மான்னேன். உங்க கமிட்டி கட்டுற அறை நல்லா இருக்காதாப்பான்னு கேட்டா. என்ன பதில் சொல்ல? இங்கே அஸ்திவாரத்துக்கே இன்னும் கயிறு பிடிக்கலை. கொத்தனார் வேற வேலைக்குப் போயிட்டா என்ன ஆகும்? தண்ணிக் குழாய் எந்தப் பக்கம் வரணும்? விளக்கு அணைஞ்சா இன்னொரு விளக்கு வேணாமா? இதையெல்லாம் பொறுப்பா பார்த்துக்க இந்த ஊர்ல வேற யார் இருக்கா? தயவுசெய்து போன் போட்டுடாதீங்க சம்பந்தி, நான் வர்றதா இல்லை. கொத்தனார் வீட்டுக்குக் கிளம்பிட்டேன். நீங்க தாத்தா ஆகப்போறீங்க.