கம்மி ஆயா கொடுத்த நற்சான்று

சொந்தக் குடும்பத்தைப் பற்றித் தானே அவதூறு பரப்பிய ஒரே பெண்மணி, இந்த உலகத்திலேயே எங்கள் கம்மி ஆயாதான். மற்றவர்களுக்கு அந்த வேலையைச் சொந்தக்காரர்கள் செய்து கொடுப்பார்கள். ஆயா யாரையும் நம்பி விடவில்லை.

கள்ளக்குறிச்சியில் எனக்கு எதிர் வீடு. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மகன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டினார். "லோடெல்லாம் எப்படி ஆயா?" என்றால், "கம்மி." பேத்தி மலருக்கு மார்க்கு? "கம்மி." ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வாசனை தெருமுனை வரை வந்து ஆளை இழுக்கும். "இன்னா ஆயா, விசேஷமா?" "கருவாட்டுக் கொழம்பு. அதுவும் கம்மிதான்."

எல்லாம் கண் பட்டுவிடும் என்ற பயம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கண்புரை. எதிரில் வருவது ஆளா எருமையா என்றே தெரியாது. அந்தக் கண்களுக்கும் ஆயா பயந்தார். எதிர்வீட்டுக்காரன் என்பதால் என் கண்ணுக்குத் தனி மரியாதை. நான் வாசலுக்கு வந்தால் மலர் உள்ளே போய்விட வேண்டும்.

மலர் போலீஸ் வேலைக்காகத் தினமும் விடியற்காலையில் மைதானத்துக்கு ஓடப் போவாள். கூடவே ஆயா, முந்தானையில் அவித்த முட்டையை ஒளித்துக்கொண்டு. கேட்டால், "வவுத்து வலிப்பா, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறன்" என்பார். வயிற்று வலிக்கு ஷூ மாட்டிக்கொண்டு போன ஒரே நோயாளி எங்கள் மலர்தான்.

அவள் தேர்வாகிவிட்டாள். தெருவுக்கு ஆயா அறிவித்த சேதி, "ஃபெயிலு." நாங்கள் வரிசையாகப் போய் ஆறுதல் சொன்னோம். ஆயா கூச்சமே இல்லாமல் எல்லா ஆறுதலையும் வாங்கிக்கொண்டார். மலரின் அப்பாதான் என்னிடம் ரகசியமாக உண்மையைச் சொன்னார். இனி நன்னடத்தை விசாரணை ஒன்றுதான் பாக்கியாம். மப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து தெருவில் விசாரிப்பார்; அது சரியாக இருந்தால் வேலை.

வந்தார். வந்தவர் நேராகப் போய் விசாரித்தது, வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஆயாவிடம்.

"இங்க மலர்னு ஒரு பொண்ணு, ஆளு எப்படிம்மா?"

முன்பின் தெரியாத ஆள் பேத்தியைப் பற்றிக் கேட்டால் ஆயா சும்மா இருப்பாரா? "அதுவா? சோம்பேறிங்க. உச்சி வெயிலு வந்தாத்தான் எந்திரிக்கும். சண்டைக்காரி வேற. போன வாரம் ஒருத்தன் மண்டைய ஒடச்சிட்டா."

அவர் குறித்துக்கொள்வதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. செருப்பு கூட மாட்டாமல் ஓடினேன். "சார், தங்கமான பொண்ணு சார்!"

"தங்கமா? எதிர்வூட்டுத் தம்பிக்கு ஒண்ணியும் தெரியாதுங்க" என்றார் ஆயா.

"நல்லாப் படிக்கும் சார்."

"காப்பி அடிச்சி பாசானதுங்க."

"பெரியவங்கன்னா மரியாத..."

"என்னியவே வாடி போடின்னும்!"

வந்தவர் நிமிர்ந்து, "நீங்க யாரும்மா?" என்றார்.

"நானா? அதோட ஆயா."

"சொந்த ஆயாவே சொல்லும்போது நான் வேற யார விசாரிக்கிறது? ஸ்டேஷன்லேர்ந்து வரேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை உதைத்தார். ஆயாவின் மடியிலிருந்த புளியெல்லாம் மண்ணில் கொட்டியது.

மலர் திட்டவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நாங்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். "நேத்து சொன்னதெல்லாம் பொய்யா?"

"பொய்ங்க."

"அப்ப உண்மையச் சொல்லுங்க. பொண்ணு எப்படி?"

ஆயா வாயைத் திறந்தார், மூடினார். "பரவால்லீங்க" என்றார். அதற்கே வியர்த்துவிட்டது.

"பரவால்லன்னு நான் எழுதினா வேல வராதும்மா. பேத்தியப் பத்தி நாலு நல்ல வார்த்த சொல்றதுக்கு என்ன கஷ்டம்?"

ஆயா புடவைத் தலைப்பை முறுக்கினார். "எனக்கு மொத புள்ள ஒண்ணு இருந்திச்சிங்க. தொடையெல்லாம் மடிப்பு மடிப்பா இருப்பான். கரும்பு வெட்ற எடத்துல தூளி கட்டிப் போட்டுட்டு, எம்புள்ள ராஜா மாரி கீறான் பாருன்னு வரவங்க போறவங்க கிட்டல்லாம் நான்தாங்க சொன்னன். அடுத்த வாரமே ஜொரம் வந்து போயிட்டான்."

இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்து அவரைக் கிண்டல் செய்தவன் நான். இது எனக்குத் தெரியாது. அவருடைய மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆயா மலரைப் பார்த்து, "நீ போயி வெளிய நில்லு. உன் காதுல வுழக்கூடாது" என்றார். அவள் வாசல் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு ஆரம்பித்தார்.

"அது மாரி பொண்ணு இந்த ஊர்லயே இல்லீங்க. ஓடுனா காலு தரையில படாது. எனக்குக் காலு வீங்கிச்சின்னா, பரீட்சைக்குப் படிச்சிக்கினே ஒரு கையால அமுக்கி வுடும். நா துன்னாத்தான் அது துன்னும். அவங்கம்மா வேலைக்குப் போனா எம்மடியிலயே வளந்த புள்ளைங்க. அது சிரிச்சா எனக்கு இன்னும் பத்து வருசம் இருக்கலாம்னு தோணும்..."

டீ வந்து ஆறிப்போனது. இன்ஸ்பெக்டர், "போதும்மா, எழுதிட்டேன்" என்றார்.

"இருங்க, இன்னும் கீது" என்றார் ஆயா.

வெளியே வந்ததும் முந்தானை முடிச்சிலிருந்து உப்பை எடுத்தார். ஸ்டேஷன் வாசலிலேயே பேத்தியை நிறுத்திச் சுற்றிப் போட்டார். காவலுக்கு நின்றவர் மரத்தில் இல்லாத காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலருக்குக் கல்வராயன் மலையில் வேலை. போன மழைக்காலத்தில் ஆயா கண்ணை மூடினார். மலையிலிருந்து சீருடையோடு இறங்கி வந்தவள், எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னிக்கு என்னிய வெளிய அனுப்பிட்டு ஆயா இன்னா சொல்லிச்சி? எத்தினியோ வாட்டி கேட்டன், கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் ஒரு ஆயா செத்துப்போயிருந்தார்.